கடைசி இறுதிப்போட்டி

விளையாட்டின் வரலாற்றை வெற்றிகளைக் கொண்டு எழுதுவதே வழக்கம். கோப்பையை உயர்த்திய கைகளை நினைவில் வைத்திருக்கும் நாம், அக்கோப்பையை வழங்கிய அமைப்பு என்னவாயிற்று என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்கவேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு.

2003 ஆகஸ்ட் 24. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரிலுள்ள டொரேரோ அரங்கம். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கால்பந்து லீக்கான வூசாவின் (பெண்கள் ஐக்கியக் கால்பந்து சங்கம்) மூன்றாவது இறுதிப்போட்டி. வாஷிங்டன் ஃப்ரீடம் அணியும் அட்லாண்டா பீட் அணியும் மோதின. பார்க்க வந்திருந்தோர் 7,106 பேர். தொடக்கத்திலேயே வாஷிங்டனின் அபி வாம்பாக் ஒரு கோல் அடித்தார். அட்லாண்டாவின் சார்மெய்ன் ஹூப்பர் அதைச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் மறுபடியும் வாம்பாக். அந்த கோலோடு ஆட்டம் முடிந்தது. 2-1. மியா ஹாமின் அணிக்கு முதல் கோப்பை.

சரியாக 22 நாட்கள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, லீக் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. பெண்கள் உலகக்கோப்பை அமெரிக்காவிலேயே தொடங்க ஐந்து நாட்களே இருந்தன.

இந்த முடிவை விளங்கிக்கொள்ள நாம் நான்கு ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும். 1999 ஜூலை 10 அன்று ரோஸ் பௌல் அரங்கில் அமெரிக்காவும் சீனாவும் ஆடிய உலகக்கோப்பை இறுதியாட்டத்தைக் காண 90,185 பேர் கூடினர். கோல் ஏதுமின்றி முடிந்த ஆட்டத்தைப் பெனால்டி உதைகள் தீர்மானித்தன. லியு யிங்கின் உதையைத் தடுத்தார் பிரியானா ஸ்கரி. கடைசி உதையைக் கோலாக்கினார் பிராண்டி சாஸ்டெய்ன். அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்தில் பிறந்ததுதான் வூசா. டிஸ்கவரி தொலைக்காட்சியை நிறுவிய ஜான் ஹென்ட்ரிக்ஸ் முன்னின்றார்; கேபிள் நிறுவனங்கள் முதலிட்டன. தேசிய அணியின் 20 வீராங்கனைகள் நிறுவன உறுப்பினர்களாகப் பங்குரிமை பெற்றனர். எட்டு அணிகள். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஊதியம்.

2001 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 34,148 பேர் வந்தனர். அவ்வாண்டின் இறுதிப்போட்டி பாஸ்டனை அடுத்த ஃபாக்ஸ்பரோவில் நடந்தது. முன்பு ஒரே அணியில் நின்ற சாஸ்டெய்னும் ஸ்கரியும் இப்போது எதிரெதிர் அணிகளில். 3-3 என்று முடிந்து, மீண்டும் பெனால்டி உதைகள். சாஸ்டெய்னின் பே ஏரியா சைபர்ரேஸ் அட்லாண்டாவை வென்றது. 21,078 பேர் அதைக் கண்டனர். மறு ஆண்டு, முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் இருந்த கரோலினா கரேஜ் 3-2 என்று வாஷிங்டனை வீழ்த்தியது. அதைக் கண்டவர்கள் 15,321 பேர். மூன்றாம் ஆண்டின் எண்ணிக்கையை மேலே சொல்லிவிட்டோம்.

ஆட்டத்தின் தரம் குறைந்ததால் கூட்டம் குறைந்தது என்று சொல்ல இடமில்லை. ஜெர்மனியின் பிர்கிட் பிரின்ஸ், சீனத்தின் சுன் வென் என அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் அங்கே ஆடினர். பிழை கணக்கில் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கெனத் திரட்டிய 4 கோடி டாலர் முதல் ஆண்டிலேயே கரைந்தது. ஒரு திருவிழாக் கூட்டத்தை அன்றாட வாடிக்கையாளர்கள் என்று எண்ணிச் செலவிட்டனர். விளம்பரதாரர்கள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. நிறுவன வீராங்கனைகள் தம் ஊதியத்தைத் தாமே குறைத்துக்கொண்டும் பயனில்லை. மூன்று பருவங்களில் ஏறத்தாழ 10 கோடி டாலர் நட்டம். சிற்றிதழ்களின் ஆயுளை அறிந்த நமக்கு இக்கணக்கு புதிதன்று. முதல் இதழின் விற்பனையை நம்பி இரண்டாம் இதழுக்குக் கடன் வாங்கியவர்கள் நம்மிடையேயும் உண்டு.

எனில், இது வெறும் தோல்வியா? 2009-இல் மறுபடியும் ஒரு லீக் தொடங்கப்பட்டது. அதுவும் மூன்று பருவங்களே ஆடி 2012-இல் கலைந்தது. 2013-இல் மூன்றாவதாகத் தோன்றிய தேசியப் பெண்கள் கால்பந்து லீக் சிறிய அரங்குகளிலும் குறைந்த ஊதியத்திலும் தொடங்கியது. தேசிய அணியினரின் ஊதியத்தைக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றது. முதலில் நீடித்திருப்பது, பிறகு வளர்வது என்னும் பாடம் வூசாவின் சாம்பலிலிருந்து கிடைத்தது. அந்தச் சிக்கனத்தின் பாரத்தையும் பல ஆண்டுகள் வீராங்கனைகளே சுமந்தார்கள் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

2023 நவம்பர் 11. அதே சான் டியாகோ, வேறொரு அரங்கம். லீக்கின் இறுதிப்போட்டியில் கோதம் அணி 2-1 என்று ஓ.எல். ரெய்ன் அணியை வென்றது. கலைந்துபோன இரண்டாவது லீக்கில் வேறு பெயரில் பிறந்து பிழைத்த அணி அது. முந்தைய ஆண்டில் கரோலினாவைப் போலவே கடைசி இடம். பார்த்தவர்கள் 25,011 பேர்.

இடையில் இருபது ஆண்டுகள். ஸ்கரி அட்லாண்டாவின் கோல்வாயிலில் நின்று இரண்டு இறுதிப்போட்டிகளையும் இழந்தவர். வூசாவின் கோப்பை அவர் கைக்கு வரவேயில்லை. ஆயினும் இந்த 25,011 பேரில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.