லெப்டினன் ஆனால் பறிபோகும் உரிமை

1871இல் கலிபோர்னியா மாநிலம் மீன்களையும் வனஜீவராசிகளையும் காக்க இரண்டே இரண்டு பேரை வேலைக்கு வைத்தது. ஒருவருக்கு சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, மற்றவருக்கு தாஹோ ஏரி. அவ்வளவுதான். இன்றைக்கு இந்த வார்டன்கள் கைதுசெய்யும் அதிகாரமுள்ள முழுப் பொலிஸ்காரர். அநேகமாகத் தனியத்தான் ரோந்து போவார்கள். இருட்டில் எதிரே வருகிற ஆளிடமும் துவக்கு இருக்கும்.

கூட்டாகப் பேரம்பேசும் உரிமை இவர்களுக்கு 1977இல், டில்ஸ் சட்டத்தோடு வந்தது. சங்கம் அரசோடு மேசையில் இருந்து சம்பளம், வேலைநேரம் பேசி உடன்படிக்கை எழுதலாம். ஆனால் அதே வார்டன் பதவி உயர்ந்து, நாலு பேரை மேய்க்கிற லெப்டினன் ஆனால் அந்த உரிமை போய்விடும்.

ஏன் என்று கேட்டால் காட்டை விட்டுக் கார்த் தொழிற்சாலைக்குப் போகவேணும். 1941இல் டெட்ராய்ட் ஃபோர்மன்கள் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். பக்கார்ட் கார்க் கம்பனி அதை ஏற்க மறுத்து வழக்காடியது. 1947 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று ஃபோர்மன்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சந்தோசம் மூன்று மாதம்தான். ஜூனில் காங்கிரஸ், ஜனாதிபதி ட்ரூமனின் வீட்டோவையும் மீறி டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றி, மேற்பார்வையாளர்களை வெளியே தள்ளியது.

அது தனியார் துறைச் சட்டம்; மாநில ஊழியர்களைத் தொடவே இல்லை. ஆனாலும் 30 வருடம் கழித்துக் கலிபோர்னியா, 'மேற்பார்வையாளர்' யாரென்பதற்கு ஏறத்தாழ அதே வரைவிலக்கணத்தைத் தூக்கி வைத்தது: ஆளெடுக்க, இடம்மாற்ற, தண்டிக்க, அல்லது அதற்குப் பரிந்துரைக்க அதிகாரம் உள்ளவர். இவர்களும் சங்கம் வைக்கலாம், அரசைச் சந்திக்கலாம். சொல்வதை அரசு தனக்கு நியாயமாகப் படுகிற அளவுக்குக் கேட்டால் போதும். கையெழுத்து வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இதற்குப் பெயர் பேரமா?

தண்டிக்கிறவரும் தண்டனை வாங்குகிறவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் சிக்கல் என்ற வாதத்தில் நியாயம் இருக்குத்தான். அதற்குத் தனிப் பேரப் பிரிவு கொடுத்தால் முடிந்தது. நியூயோர்க்கின் 1967 டெய்லர் சட்டத்தின் கீழ் மேற்பார்வையாளரும் பேரம்பேசலாம். உயர் நிர்வாகிகளும் இரகசியப் பொறுப்பில் உள்ளவர்களும்தான் வெளியே.

கலிபோர்னியாவில் லெப்டினன்களே இரண்டு வகை. கீழே ஆளில்லாத 'நிபுணர்' லெப்டினன் பேரப் பிரிவுக்குள் இருக்கிறார். ஆட்களைப் பொறுப்பெடுத்த 'மேற்பார்வை' லெப்டினன் வெளியே. இரண்டு பேரும் போடுவது ஒரே சீருடை.