உயிரணுவுள் உட்பகை

மதிலை முற்றும் பகைவனினும் உள்ளிருந்து கதவு திறப்பவனை அஞ்சுதல் வேண்டும் என்பது பழைய அரசியல் அறிவு. வள்ளுவரும் உட்பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். எச்.ஐ.வி. ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இத்தகைய ஐயம் ஒன்று எழுந்தது.

1983-ஆம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தார் பிரித்தெடுத்த அவ்வைரஸிடம் உள்ள மரபணுக்கள் ஒன்பதே; நொதிகள் மூன்றே. ஒன்று, அதன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும். 'இன்டெகிரேஸ்' என்னும் மற்றொன்று, அந்த டி.என்.ஏ.வை மனித மரபிழையில் கோத்துவிடும். பிறிதொன்று, வைரஸின் புரதங்களை உரியவாறு வெட்டிப் பக்குவப்படுத்தும். இத்துணைச் சிறு படை மனித உயிரணுவைத் தனியே கைப்பற்றியிருக்குமா?

1994-இல் கல்பனா, கோஃப் ஆகிய ஆய்வாளர் இன்டெகிரேஸைப் பற்றும் மனிதப் புரதம் ஒன்றை முதன்முதலாகக் காட்டினர். 2003-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் செரெபனோவ், டெபைசர் முதலியோர் மனித உயிரணுக்களில் இன்டெகிரேஸை உண்டாக்கிப் பிரித்தெடுத்தபோது, அதனைப் பற்றியவாறே இன்னொரு புரதமும் வந்தது. அதுவே பி75. கண்வில்லையின் வளர்ச்சிக்குரியது என்று கருதி முன்னரே அதற்கு ஒரு பெயர் இட்டிருந்தனர், பொருந்தாப் பெயர்! மரபிழையைச் சார்ந்து நின்று, மரபணுக்கள் இயங்கத் துணைபுரிவதே அதன் தொழில்.

எனினும், பி75-இன் அளவைக் குறைத்துப் பார்த்தபோது வைரஸ் தளரவில்லை. கண்டுபிடிப்பையே பலர் ஐயுற்றனர். 2006-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர் அந்த ஐயத்தைப் போக்கினர். சிறுதுளி எஞ்சினும் வைரஸுக்கு அதுவே போதுமாம். ஏறக்குறைய முற்றும் நீக்கிய பின்னரே அதன் பெருக்கம் வீழ்ந்தது.

பி75 ஒரு முனையால் மரபிழையையும் மறுமுனையால் இன்டெகிரேஸையும் பற்றுகிறது. ஆதலின் வைரஸின் டி.என்.ஏ. பெரிதும் இயங்கும் மரபணுக்களிடையே சென்று அமர்கிறது. அவ்வாறு அமர்ந்தவற்றுள் சில, நெடுநாள் வாழும் உயிரணுக்களில் உறங்கிக் கிடக்கின்றன. மருந்தை நிறுத்தினால் நோய் மீள்வது இவற்றாலேயே. பி75-ஐ உட்பகை என்று பழித்தலும் முறையன்று. அது தன் கடமையைச் செய்கிறது, வைரஸ் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது.

2007-இல் புழக்கத்திற்கு வந்த ரால்டெக்ராவிர் இன்டெகிரேஸின் செயலையே தடுப்பது. 2010-இல் லூவன் குழுவினர் இவ்விரு புரதங்களின் பிடியை விலக்கும் சிறு மூலக்கூறுகளைப் படைத்தனர். அவை புதிய வைரஸ் துகள்கள் உருவாகும் வேளையில் அவற்றை ஊனமாக்குவது எதிர்பாராத விளைவு. அம்மூலக்கூறுகள் இருக்கையில் மரபிழையில் அமரும் வைரஸ், இயங்கும் மரபணுக்களினின்று விலகி அமர்வதையும், உறக்கத்தினின்று எளிதில் எழாமையையும் 2016-இல் அக்குழுவினரே ஆய்வுக்கூட உயிரணுக்களில் கண்டனர்.