பனி நெகிழும் பருவம்

மும்பையில் வாழும் நமக்கு மலைச்சரிவு என்றதும் ஆடி மழையே நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், செம்பூர் பாரத் நகரில் மழையில் ஊறிய குன்றின் மண் சரிந்து சுவர் இடிந்தது. 19 பேர் மாண்டனர். நீர் ஊறினால் சரிவின் பிடிப்புத் தளரும் என்னும் இவ்விதி இமயத்துக்கும் பொருந்தும். அங்கே மண்ணுக்குப் பதில் பனி. மழையோடு இளவேனில் வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

குளிர்காலமெல்லாம் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. பங்குனி வெயில் ஏறுங்கால் மேற்பனி உருகி, நீர் அடுக்குகளிடையே கசிந்து, அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. பழம்பனியின்மீது புதுப்பனி கனத்துப் பெய்தாலும் கேடுதான். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் அபாயம் மிகுதி. ஆகையால், இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கையில், கதிரவன் எழுமுன் கணவாயைக் கடப்பதே மலைநாட்டார் கண்ட வழி.

காஷ்மீரத்தையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் 11,500 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. 1948ஆம் ஆண்டுப் போரில், அங்கே கோவேறு கழுதைகள் சென்ற தடத்தை டாங்கிகள் ஏறும் பாதையாக மாற்றியவர்கள் ‘மதராஸ் சாப்பர்ஸ்’ என்னும் பொறியியற் படையினர். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் டாங்கிகள் முன்னேறிக் கணவாயை மீட்டன. பகைவரை வெல்ல ஒருநாள் போதுமாயிற்று. பனியுடன் நடத்தும் போரோ ஆண்டுதோறும் தொடர்கிறது. குளிர்காலத்தில் மூடும் சாலையை இளவேனிலில் பனியை வெட்டித் திறப்போர் தொழிலாளர்களே.

பனிச்சரிவை ஆராய 1969இல் மணாலியில் அரசு ஒரு நிலையத்தை நிறுவியது. 1979 மார்ச் மாதத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் நேர்ந்த பனிச்சரிவுகள் பல உயிர்களைக் கொள்ளை கொண்டன. அந்நிலையம் 2020இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. முன்னெச்சரிக்கைப் பணி நிற்கவில்லை.

2025 பிப்ரவரி 27ஆம் நாள் மாலை, உத்தராகண்டத்தின் சமோலி மாவட்டத்துக்கும் அத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மறுநாள் காலை பத்ரிநாத்தை அடுத்த மாணா அருகே பனி சரிந்து, சாலைப் பணிக்காகத் தங்கியிருந்த 54 தொழிலாளர்களை மூடியது. 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் பல மாநிலங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள், நம்மைப் போலவே.

மலைவாணரின் பட்டறிவும் ஆய்வாளரின் கணிப்பும் இன்று நம்மிடம் உள்ளன. ஆயினும், எச்சரிக்கை காகிதத்தில் இருப்பது காவலாகாது. அது சரிவின் அடியில் உறங்கும் கடைசித் தொழிலாளியை எழுப்பி, அவன் ஒதுங்க வேறிடமும் காட்ட வேண்டும். இமயத்துக்கும் செம்பூருக்கும் இந்நீதி ஒன்றே.