ராபின் சிங்

ராபின் சிங் (முழுப்பெயர் ரபீந்திர ராமநாராயண் சிங், பிறப்பு 14 செப்டம்பர் 1963) தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய கிரிக்கெட் வீரர், பின்னாளில் பயிற்சியாளர். இடக்கை மட்டையாளர், பந்துவீச்சு வலக்கை மிதவேகம். தம் காலத்து இந்திய அணியில் களத்தடுப்பில் அவருக்கு நிகரில்லை. 1989க்கும் 2001க்கும் இடையில் 136 ஒருநாள் போட்டிகளில் ஆடி 2,336 ஓட்டங்கள் எடுத்தார், 69 விக்கெட்டுகள் வீழ்த்தினார். டெஸ்ட் போட்டி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

இதே பெயரில் டெல்லியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவரும் உண்டு. அவர் 1999 ஜனவரியில் நியூசிலாந்தின் ஹாமில்டனில் இந்தியாவுக்காக ஆடினார். அவருக்கும் வாய்த்தது ஒரே டெஸ்ட் என்பதால் பழைய ஆட்ட அட்டைகளைப் புரட்டுவோர் இருவரையும் ஒருவராக்கிவிடுவதுண்டு. இக்கட்டுரை மூத்தவரைப் பற்றியது.

டிரினிடாட் பின்புலம்

ராபின் சிங் பிறந்த ஊர் டிரினிடாட் தீவின் தென்பகுதியில் உள்ள பிரின்சஸ் டவுன். கரும்புக் காடுகள் சூழ்ந்திருந்த இவ்வூருக்கு முன்பு மிஷன் என்று பெயர். 1880இல் பிரிட்டிஷ் இளவரசர்கள் ஆல்பர்ட் விக்டரும் ஜார்ஜும் வந்துபோனதன் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது. ஊரின் பெயர் இளவரசர்களைச் சொன்னாலும் ஊரை எழுப்பியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். முதல் கப்பலான ஃபத்தேல் ரசாக் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1845 மே 30இல் டிரினிடாடை அடைந்தது. அந்நாள் இன்றும் அங்கே ‘இந்தியர் வருகை நாள்’ என்று அரசு விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது. ஒப்பந்தக் கூலிமுறை 1917இல் முடிவுக்கு வருவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் அந்தத் தீவில் இறங்கிவிட்டார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசும் வடநாட்டினர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் சிறு தொகையினரே. ஆனாலும் ‘மதராசி’ என்ற பெயரும் காளியம்மன் வழிபாடும் அத்தீவில் மறையவில்லை. ராபின் சிங்கின் குடும்பம் இந்தச் சென்னை வழியைச் சேர்ந்ததன்று; அதன் வேர் ராஜஸ்தானின் அஜ்மீர் என்பர். வடநாட்டு வேரும் கரீபிய வளர்ப்பும் கொண்ட ஒருவர் தமிழ்நாட்டு வீரராகவே வரலாற்றில் நிலைபெற்றது அவர் வாழ்க்கையின் சுவையான திருப்பம்.

கரும்புத் தோட்டத்து இந்தியர்களுக்குக் கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1950இல் இங்கிலாந்து சென்ற மேற்கிந்தியத் தீவுகள் அணியில் சான் ஃபெர்னாண்டோ பக்கத்துச் சிற்றூர்ச் சுழற்பந்து வீச்சாளர் சன்னி ராமதீன் இடம்பெற்றார். மேற்கிந்திய அணிக்கு ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் அவர்தான். அந்தப் பயணத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் கிடைத்த வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கிருந்தது. அதன்பின் தென் டிரினிடாடில் மட்டையைப் பிடித்த ஒவ்வொரு சிறுவனுக்கும் மேலே பார்க்க ஒரு பெயர் கிடைத்தது.

களத்தடுப்புக்கும் அத்தீவில் ஒரு மரபு உண்டு. 1986 நவம்பரில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் டிரினிடாடின் கஸ் லோகி, ஓட்டமோ விக்கெட்டோ கணக்கில் இல்லாமல், களத்தில் பந்து தடுத்ததற்காகவே ஆட்டநாயகன் விருது பெற்றார். ராபின் சிங் அந்த மண்ணில் வளர்ந்தவர். பந்தின் பின்னால் ஓடுவதைத் தண்டனையாகக் கருதாத பழக்கத்தை அங்கிருந்தே கொண்டுவந்தார்.

சென்னைக்கு வருகை

1984இல், இருபது வயதில், சென்னைக்கு வந்தார். அந்த ஆண்டுதான் கிளைவ் லாயிடின் மேற்கிந்திய அணி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் ஐந்துக்கு ஐந்து என்று வீழ்த்தியது. அப்படிப்பட்ட அணிக்குள் ஓர் இளைஞன் நுழைவது ஊசிக்காதில் வடம் நுழைவதுபோல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நகரின் லீக் ஆட்டங்களில் ஆடத் தொடங்கினார். நிறுவன அணிகளில் ஆடுவோருக்கு வேலையும் சம்பளமும் கிடைத்த காலம் அது. வாரம் தவறாமல் நடக்கும் முதல் டிவிஷன் லீக் ஓர் ஆட்டக்காரரை எல்லா வேலைக்கும் பழக்கிவிடும். ஒரு வாரம் ஐந்தாம் இடத்தில் மட்டை பிடிப்பவர் மறுவாரம் புதுப்பந்தை எடுப்பார். ராபின் சிங்கைச் செதுக்கியது இந்த லீக்தான்.

தமிழ்நாடு 1954–55இல் பாலு அழகணன் தலைமையில் முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. அதன்பின் அந்தக் கோப்பை முப்பத்து மூன்று ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. 1987–88இல் எஸ். வாசுதேவன் தலைமையிலான அணி ரயில்வே அணியைச் சேப்பாக்கத்தில் இன்னிங்ஸ் வெற்றியோடு வீழ்த்திக் கோப்பையை மீட்டது. ராபின் சிங் அந்த அணியின் தூண். அதற்குப்பின் 1991–92இலும் 1995–96இலும் தமிழ்நாடு இறுதிவரை போய்த் தோற்றது.

முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டங்கள் 6,997. சராசரி 46ஐத் தாண்டியது, சதங்கள் 22, விக்கெட்டுகள் 172. ஏழாயிரத்துக்கு மூன்று ஓட்டம் குறைவு. உள்நாட்டு ஆட்டத்தில் இந்தச் சராசரி, நிலையான மட்டையாளர் ஒருவருக்கு உரியது. துணைக்கு ஒரு கை என்று அவரை ஒதுக்கியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறினார்கள்.

முதல் அழைப்பு

1989இல் திலீப் வெங்சர்க்கார் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. டிரினிடாட் கடவுச்சீட்டை விட்டு இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகே இந்த அழைப்பு. அவருடைய முதல் ஆட்டம் மார்ச் 11 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்தது. ஐந்தாண்டுகளுக்குமுன் விட்டுவந்த தீவிலேயே, அந்தத் தீவையும் உள்ளடக்கிய மேற்கிந்திய அணிக்கு எதிராக, இந்தியச் சட்டையோடு இறங்கினார். அத்தொடரின் ஐந்து ஒருநாள் போட்டிகளிலும் இந்தியா தோற்றது. ராபின் சிங்குக்கு இரண்டு ஆட்டங்கள் தரப்பட்டன. பிறகு ஏழாண்டுகளுக்கு மேல் அழைப்பே வரவில்லை. இருபத்தைந்து வயதில் கழற்றிவிடப்பட்டவர் முப்பத்து மூன்று வயதில்தான் திரும்ப அழைக்கப்பட்டார். ஒரு கிரிக்கெட் வீரரின் நல்ல வயது முழுதும் தேர்வாளர்களின் பாராமுகத்தில் கரைந்துபோனது.

எந்த வகை வீரர்

ராபின் சிங்கைத் தமிழ் நாளேடுகள் ‘ஆல்-ரவுண்டர்’ என்றே எழுதின. அது பொருந்தாது. கபில் தேவ் ஆல்-ரவுண்டர்: மட்டைக்காக மட்டுமோ பந்துக்காக மட்டுமோ அணியில் எடுத்தாலும் தகும். ராபின் சிங்கை ஆங்கில வர்ணனையாளர்கள் ‘யூட்டிலிட்டி’ வீரர் என்றார்கள். அதைப் பல்வினை வீரர் எனலாம். எந்த ஒரு வேலையிலும் அணியின் முதல் பெயர் அவருடையதாக இராது. எந்த வேலை நின்றுபோனாலும் அடுத்து கூப்பிடப்படுகிற பெயர் அவருடையதாகவே இருக்கும்.

இச்சொல் அமெரிக்கப் பேஸ்பாலில் இன்னும் தெளிவாக வழங்குகிறது. அங்கே ‘யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்’ என்பவர் இரண்டாம் தளம், மூன்றாம் தளம், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஷார்ட்ஸ்டாப் என எங்கே ஆள் குறைந்தாலும் போய் நிற்பவர். கான்சாஸ் சிட்டி அணியின் பெர்ட் கம்பனெரிஸ் 1965 செப்டம்பர் 8 அன்று ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்று ஆடினார். ஓமர் விஸ்கெல் ஷார்ட்ஸ்டாப்பாகப் புகழ்பெற்று, கடைசி ஆண்டுகளில் இப்படிப் பல இடத்து ஆளாக மாறி, 2012வரை ஆடி ஓய்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அங்கே களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதில் பல்வினை வீரருக்கென்று தனிப்பிரிவு 2022இல்தான் வந்தது. இந்தியக் கிரிக்கெட்டில் அப்படி ஒரு விருது இன்றுவரை இல்லை. இருந்திருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தமிழ்ச் சிறுவர் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ உண்டு. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக நிற்பவன் அவன். அவன் ஆட்டம் கணக்கில் சேராது. பல்வினை வீரரை இவனோடு சேர்த்து எண்ணுவது தவறு. எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசல் ஊர்களில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் வற்றிய கண்மாய்தான் மைதானம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தரையோடு வரும் பந்து வெடிப்பில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. தப்பினால் சீமைக்கருவேல் முள்ளுக்குள் போய்விடும். அங்கே ஐந்து ஓவர் போட்டு, கடைசியில் இறங்கி நாலு ஓட்டம் எடுத்து, முள்ளுக்குள் புகுந்து பந்தையும் எடுத்துவரும் ஒருவன் எல்லா ஊர் அணியிலும் இருப்பான். அவன் வராத அன்றைக்கு ஆட்டம் படுத்துவிடும்.

ராபின் சிங்கின் களத்தடுப்பை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். பாயின்ட், கவர் பகுதிகளில் நின்று பக்கவாட்டில் பாய்ந்து பந்தை மறிப்பார். எழுவதற்குமுன்பே எறிந்துவிடுவார். ஏக்நாத் சோல்கர், அசாருதீன் போன்ற நல்ல கைகள் இந்தியாவில் முன்பும் இருந்தன. ஆனால் தரையில் விழுந்து சட்டையை அழுக்காக்குவது அணியின் வழக்கமானது ராபின் சிங்கும் அஜய் ஜடேஜாவும் சேர்ந்து ஆடிய காலத்தில்தான். யுவராஜ் சிங்கும் முகமது கைஃபும் அந்த வழியில் பின்னால் வந்தவர்கள்.

இரண்டாம் வரவு: 1996–2001

1996 டைட்டன் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் தலைமையிலான அணிக்கு அழைக்கப்பட்டார். அதன்பின் ஐந்தாண்டுகள் ஒருநாள் அணியில் ஏறத்தாழ நிலையான இடம். 1997இல் கொழும்பில் இலங்கைக்கு எதிராகச் சரியாக 100 எடுத்தார். அவருடைய ஒரே ஒருநாள் சதம் அது. அதே ஆண்டு டிசம்பரில் குவாஹாட்டியில் அதே அணியை 22 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் என்று சாய்த்தார்.

பெயர் நிலைத்தது 1998 ஜனவரி 18 அன்று டாக்காவில். சுதந்திரக் கோப்பையின் முடிவாட்டத்தில் பாகிஸ்தான் 48 ஓவரில் 314 எடுத்தது. அதுவரை யாரும் அவ்வளவு பெரிய இலக்கை விரட்டி வென்றதில்லை. டெண்டுல்கர் ஆட்டமிழந்ததும் வழக்கமாக ஆறிலோ ஏழிலோ வருபவர் மூன்றாம் ஆளாக அனுப்பப்பட்டார். சௌரவ் கங்குலியுடன் சேர்ந்து 179 ஓட்டங்கள். அவர் பங்கு 82. ஒளி மங்கிய வேளையில், ஒரு பந்து மிச்சமிருக்க, ஹிருஷிகேஷ் கனித்கர் அடித்த நான்கில் இந்தியா வென்றது. படங்களில் கனித்கரும் கங்குலியுமே இருக்கிறார்கள்.

1998 அக்டோபரில் ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிராக அந்த ஒரே டெஸ்ட். 15, 12 என்று எடுத்தார், இந்தியா தோற்றது, மறுபடி அழைக்கவில்லை.

1999 உலகக் கோப்பை அவருடைய தன்மை முழுவதையும் மூன்று ஆட்டங்களில் காட்டியது. லெஸ்டரில் ஜிம்பாப்வேக்கு எதிராக இரண்டு ஓவரில் 9 ஓட்டம் தேவை என்ற நிலையில், 35 எடுத்து நின்றவர் ஹென்றி ஒலோங்காவின் பந்தில் ஆட்டமிழந்தார். அந்த ஓவரிலேயே மீதமிருந்த இருவரும் போய், இந்தியா 3 ஓட்டத்தில் தோற்றது. ஒரு வாரத்தில் டான்டனில் கங்குலியும் திராவிடும் இலங்கையை வெளுத்து 318 ஓட்டங்கள் சேர்த்த நாளில், யார் கண்ணிலும் படாமல் 31 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுத்தார். ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 17 ஓட்டத்துக்கு 4 விக்கெட் விழுந்தபின் இறங்கி ஜடேஜாவுடன் நின்று 75 எடுத்தார். அந்த ஆட்டமும் தோல்விதான்.

அவருடைய ஒருநாள் மட்டைச் சராசரி 25.95, பந்துவீச்சுச் சராசரி 43.26. இவற்றை மட்டும் பார்த்து எடைபோடுவது நேர்மையாகாது. அவர் தடுத்த ஓட்டங்களை எந்த அட்டையும் எழுதிவைக்கவில்லை. 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆட்டத்தோடு அவருடைய சர்வதேச வாழ்வு முடிந்தது. அப்போது வயது முப்பத்தேழு.

பயிற்சியாளர்

2004 ஆசியக் கோப்பையில் ஹாங்காங் அணிக்குப் பயிற்சியளித்தார். 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் களத்தடுப்புப் பயிற்சியாளர். 2007 இருபது ஓவர் உலகக் கோப்பையை அணி வென்றபோது உடனிருந்தார். ஐ.பி.எல். தொடங்கிய 2008இல் டெக்கான் சார்ஜர்ஸ் அணிக்கும் 2010இல் மும்பை இந்தியன்ஸ் அணிக்கும் பயிற்சியாளரானார். 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கிரிக்கெட் இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.