வெளியே லேண்ட் ரோவர், உள்ளே மகிந்திரா

சிலிகுரிக்கு மாற்றலாகி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பக்கத்துல இருக்கிற மலையைத் தூரத்துல இருந்து பார்க்கறதோட சரி. ஒருவழியா போன நவம்பரில் லீவு கிடைச்சு, தங்கமணியோட சந்தக்ஃபூ போய்ட்டு வந்தேன்.

மேற்கு வங்காளத்தின் மிக உயரமான இடம் இது. 3,636 மீட்டர். டார்ஜிலிங் பக்கத்துல மானேபஞ்சன்னு ஒரு சின்ன ஊர். அங்கிருந்து சிங்கலிலா மலைமுகட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஏறணும். பாதை இந்திய-நேபாள எல்லையை ஒட்டியே போகுது. தும்லிங்கில் இறங்கி டீ குடிச்சா அது நேபாள டீ!

நாங்க போன வண்டி 1950களில் செய்த லேண்ட் ரோவர். என்னை விட மூத்தது. ஓட்டுநர்தான் வழிகாட்டியும். நான் அவரை 'தாஜு'ன்னு கூப்பிட்டேன், நேபாளியில் அண்ணன். தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினதும் குளிர் காத்து மூஞ்சியில அறைஞ்சது. சில வளைவுகளை ஒரே மூச்சில் திருப்ப முடியாது. கொஞ்சம் பின்னால வந்து, மறுபடி முன்னால போகணும். பின்னால வரும்போது தங்கமணி கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் திறந்து வச்சிருந்த மாதிரி நடிச்சேன்.

இந்த வண்டி இங்கே எப்படி வந்துச்சு? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1940-ல் அமெரிக்க ராணுவம் சின்னதா, எங்கேயும் ஏறுற வண்டி ஒண்ணு கேட்டது. அதில் பிறந்ததுதான் ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. போருக்கப்புறம் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கிட்டிருந்தார். இதே மாதிரி நாமே செஞ்சா என்னன்னு தோணிச்சு. அப்போ அங்கே இரும்புக்கு ரேஷன். அதனால உடம்பை அலுமினியக் கலவையில் செஞ்சாங்க. 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியே வந்தது. கார் விற்பனை சூடு பிடிக்கிற வரைக்கும் ஏதோ ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம்னுதான் திட்டம்!

அதை டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் இங்கே கொண்டு வந்தாங்க. அவங்க ஊருக்குப் போனப்புறம் வண்டிகள் உள்ளூர்க்காரங்க கைக்கு வந்தது. எப்பவும் மூடுபனியில் நனையற இந்த மலையில் இரும்பா இருந்தா எப்பவோ துருப்பிடிச்சுப் போயிருக்கும். அன்னைக்கு இருந்த பற்றாக்குறைதான் இன்னைக்கு வரைக்கும் வண்டியைக் காப்பாத்துது.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 1945-ல் லூதியானாவில் 'மகிந்திரா அண்ட் முகமது'ன்னு ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கிச்சு. அந்த முகமது, ரயில்வே கணக்குத் துறையில் இருந்து வந்த மாலிக் குலாம் முகமது. நம்ம இனம்! பிரிவினைக்கப்புறம் அவர் பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரி ஆனார், 1951-ல் கவர்னர் ஜெனரல். இங்கே 1948-ல் கம்பெனி பேரு 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆச்சு. அவங்களும் அதே வில்லிஸ் ஜீப்பைத்தான் உதிரிபாகங்களாக இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சாங்க.

காலிபோக்ரியில் நிறுத்தி தாஜு பானெட்டைத் திறந்தார். பழைய எஞ்சின் போய், உள்ளே மகிந்திரா டீசல் எஞ்சின். ஒரே ஜீப்புக்குப் பிறந்த ரெண்டு வாரிசும் ஒரே வண்டிக்குள்ள சேர்ந்திருக்கு.

இப்போ பாதையில் பல இடத்துல சிமென்ட் போட்டாச்சு. பொலேரோக்கள் சொகுசா ஏறுது. நான் பேங்க்காரன்னு தெரிஞ்சதும் தாஜு மெதுவா கேட்டார், "சார், பொலேரோ வாங்க லோன் கிடைக்குமா? மார்ஜின் பணத்துக்கு இதைத்தான் விக்கணும். அப்பா ஓட்டின வண்டி. பழைய வண்டி சேர்க்கிறவர் ஒருத்தர் கேட்டிருக்கார்."

வாடகை வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30% தேய்மானம். நூறு ரூபாய் பத்து வருஷத்தில் மூணு ரூபாய்க்கும் கீழே போயிடும். இதுக்கு எழுபது வருஷம் ஆகப் போகுது. என் ஏட்டில் பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் ரெண்டு தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கு, ஒரு பிள்ளையைக் காலேஜில் படிக்கவும் வச்சிருக்கு. பி.காம்ல இதுக்கு ஒரு கணக்கும் சொல்லித் தரலை.

"அவசரப்பட்டு வித்துடாதீங்க. பிராஞ்சுக்கு வாங்க, மார்ஜினுக்கு வேற வழி இருக்கான்னு பார்ப்போம்"னேன். மறுநாள் விடியக்காலையில் காஞ்சன்ஜங்கா பொன்னாகத் தெரிஞ்சப்போ அவர் மலையைப் பார்க்கலை. கண்ணாடியில் உறைஞ்ச பனியைத் துடைச்சுக்கிட்டிருந்தார்.

இன்னும் பிராஞ்சுக்கு வரலை. வந்தா சொல்றேன். நீங்க போறதா இருந்தா சீக்கிரம் போய்ட்டு வந்துடுங்க.