செல்லின் ஆக்சிஜன் உணர்வு

தனக்குக் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவை அறிந்து, அதற்கேற்பச் செல் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

1890இல் பிரெஞ்சு மருத்துவர் வியோ, பெருவின் மலைகளில் தங்கிய சில வாரங்களிலேயே இரத்தச் சிவப்பணுக்கள் பெருகியதைக் கண்டார். அவற்றின் ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொய்டின் சிறுநீரகத்தில் உருவாகிறது என்பது 1957இல் தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்ததைச் சிறுநீரகம் எப்படி அறிகிறது என்பதற்கு விடை 1990களில்தான் கிடைக்கத் தொடங்கியது. கிரெக் செமன்சா ‘ஹிஃப்’ என்ற புரதத்தை இனங்கண்டார். இந்த உணர்திறன் சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதல்ல என்று பீட்டர் ராட்கிளிஃப் காட்டினார். விஎச்எல் என்ற பரம்பரைப் புற்றுநோயை ஆராய்ந்த வில்லியம் கேலின் மறுமுனையிலிருந்து இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் இயக்கம் வியப்பூட்டுவது. செல் ஓயாமல் ஹிஃப் புரதத்தைச் செய்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை சில நிமிடங்களில் அதை அழித்தும் விடுகிறது. ஒரு நொதி ஆக்சிஜனைக் கொண்டு ஹிஃப் மீது அடையாளமிட, விஎச்எல் புரதம் அதைப் பற்றிச் சிதைவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. தப்பிய ஹிஃப் உட்கருவில் சேர்ந்து, சிவப்பணு ஆக்கம், புதிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கான மரபணுக்களை எழுப்புகிறது. வீண்செலவுபோலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் வேகத்தைத் தருகிறது. தேவைப்படும் நேரத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கொரோனா பரவிய 2020இல் மும்பை தாராவியின் சந்துகளில் மாநகராட்சிக் குழுக்கள் வீடுவீடாக ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தன. அக்கருவி காட்டுவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் செறிவை. செல்லுக்குள் எவ்வளவு சேர்கிறது என்பதை அது அறியாது.

சிறுநீரகம் பழுதானால் எரித்ரோபொய்டின் குறைந்து இரத்தச்சோகை வரும். அதற்கான ஊசிமருந்தைக் குளிரில் வைத்தாக வேண்டும். தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் அது எளிதல்ல. அடையாளமிடும் நொதியைத் தடுத்து, ஆக்சிஜன் குறைந்ததுபோலச் செல்லை நம்பவைக்கும் மாத்திரைகள் இங்கே பெரிய ஆறுதல். அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட்டுக்கு 2022 மார்ச்சில் இந்தியா ஒப்புதல் அளித்தது. வாரத்துக்கு மூன்று முறை விழுங்கினால் போதும். ஆனால் புற்றுக்கட்டியும் இதே ஹிஃப்பைக் கொண்டு இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கிறது என்பதால், புற்றுநோய் உள்ளவர்களுக்கு இம்மருந்து தருவதில் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். இதற்கு நேரெதிராக, ஹிஃப்பை அடக்கும் பெல்சுடிஃபான் மாத்திரை 2021 முதல் அமெரிக்காவில் விஎச்எல் நோய்க்குப் பயன்படுகிறது.