ரொட்டியே பாத்திரமான வரலாறு

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடைக்கின்றது. உழைத்து வாழ்ந்த மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்கள் உண்ட உணவிலும், அவ்வுணவைக் குறித்து வழங்கிய சொற்களிலும் தங்கிக் கிடக்கின்றது. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நம் ஆசிரியர்கள் அடுக்களைப் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குச் சான்றாக ஒரு சிறு பண்டத்தை எடுத்துக்கொள்வோம்.

2024ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாள் அக்டோபர் 31ஆம் நாள் வந்தது. மேனாட்டார் ஹாலோவீன் என்று கொண்டாடும் இரவும் அந்நாளே. ஹாலோவீன் விருந்துகளில் இக்காலத்தார் விரும்பிச் செய்யும் பண்டங்களுள் ஒன்று ரொட்டிக்குள் வைத்துப் பரிமாறும் தொடுகறி. உருண்டை ரொட்டி ஒன்றின் தலையை மூடிபோல் அரிந்து எடுப்பர். உள்ளே உள்ள மெத்தென்ற பகுதியைக் கையால் தோண்டி, சுவரும் அடியும் ஓர் அங்குலக் கனத்திற்குக் குறையாமல் நிறுத்துவர். பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும் கீரையும் பூண்டும் சேர்த்துக் குழைத்ததை அதில் நிரப்பி வாட்டுவர். தோண்டி எடுத்த துண்டுகளை மொறுமொறுப்பாக வறுத்துச் சுற்றிலும் அடுக்கிவைத்து, அவற்றாலேயே தொட்டு உண்பர். மூடியில் பூசணி முகம்போலக் கண்ணும் வாயும் செதுக்குவதும் உண்டு. உள்ளீடு தீர்ந்தபின் பாத்திரத்தையும் பிய்த்து உண்டுவிடலாம்.

இதனை நேற்று வந்த மேனாட்டுப் புதுமை என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. ரொட்டியைப் பாத்திரமாக்கி உண்ணும் முறை மிகப் பழையது. அம்முறையின் வரலாற்றில் கடல்கடந்து சென்ற இந்தியத் தொழிலாளர்க்கும், அவர்களுள் பெரும்பகுதியினரான தமிழர்க்கும், ஒரு பங்கு உண்டு. அப்பங்கைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கறியும் அப்பமும்

ஆங்கிலத்தில் 'டிப்' என்று வழங்குவதற்குத் தமிழில் தொடுகறி என்னும் நல்ல சொல் இருக்கின்றது. குமரி நாட்டு விருந்துகளில் இன்றும் அது வழங்குகின்றது. கறி என்பது சங்க நூல்களில் மிளகுக்குப் பெயர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களை எண்ணும் பட்டினப்பாலை, மிளகு மூடையைக் கறி என்னும் சொல்லாலேயே குறிக்கின்றது. அப்பட்டியலிலேயே காழகத்துப் பொருளும் வருகின்றது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் உரைப்பர். கடாரம் இன்றைய கெடா. பேராவுக்கு வடக்கே அமைந்த அண்டை மாநிலம். மிளகைக் குறித்த சொல் நாளடைவில் மிளகிட்டுச் சமைத்த உணவையும் குறித்தது. போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆயிற்று. மலாய் மொழியிலும் 'காரி' என நிலைபெற்றது.

அப்பத்தின் வரலாறும் இத்தகையதே. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். அந்நூலில் கூவியர் என்னும் அப்ப வணிகர் வருகின்றனர். கரிய அகலில் சுட்ட வட்ட அப்பம் பாலில் தோய்ந்து கிடக்கும் காட்சியைப் புலவர் உவமையாக்குகின்றார். ஆகவே தோய்த்து உண்ணும் சுவை தமிழர்க்குப் புதியதன்று. நடுவே குழிந்த ஆப்பத்தில் பாலையோ கறியையோ ஊற்றி உண்ணும்போது, உணவே கிண்ணமாகி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

ஐரோப்பியரின் ரொட்டி வந்தபோது அதற்கு மூன்று பெயர்கள் அமைந்தன. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் பழைய சொல்லாகிய அப்பத்தை ஆண்டனர். ஈழத்தார் போர்த்துக்கீசியச் சொல்லைத் தழுவிப் பாண் என்றனர். தமிழகத்திலும் மலாயாவிலும் வட இந்தியச் சொல்லாகிய ரொட்டி வழக்கூன்றியது. ஒரு பொருள் மூன்று வழியாக வந்ததை மூன்று சொற்கள் காட்டுகின்றன.

தட்டில்லாதவன் தட்டு

இடைக்கால ஐரோப்பாவில் பழைய ரொட்டியைத் தடித்த வில்லைகளாக அரிந்து தட்டாகப் பயன்படுத்தினர். அதற்கு 'டிரெஞ்சர்' என்று பெயர். இறைச்சியும் சாறும் அதன்மேல் இடப்படும். உண்டு முடித்தபின், சாறு ஊறிய அந்த ரொட்டித் தட்டைப் பெரும்பாலும் வாயிலில் நிற்கும் ஏழைகளுக்கு ஈவர். செல்வன் வீட்டில் தட்டாக இருந்தது வறியவன் கையில் உணவாயிற்று. விவிலியத்தில் ரூத்து என்பாளின் கதையிலும் இதனை ஒத்த ஒரு காட்சி உண்டு. பிழைப்புத் தேடி வேற்று நாட்டுக்கு வந்து, அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கிய கைம்பெண் அவள். உணவு வேளையில் நிலக்கிழவன் போவாசு அவளை அறுவடை ஆட்களுடன் அமரச்செய்து, அப்பத்தைக் காடியில் தோய்த்து உண்ணச் சொல்கின்றான். அப்பத்தைத் தோய்த்து உண்பது அங்கே கூலியாட்களின் வயல் உணவு.

தமிழர் வாழையிலையில் உண்டவர். வீட்டிலும் ஊரிலும் இருக்கும்வரை தட்டுக்கு அவர்களுக்குக் குறைவில்லை. வீட்டை விட்டுக் கடல் கடந்து கூலிக்குச் சென்றபோதுதான் ரொட்டி அவர்களுக்கு இலையாக வேண்டிய நிலை வந்தது.

தர்பன் நகரத்துக் 'கால் ரொட்டி'

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாய் வந்த முதற் கூட்டம் அதில் இருந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு நேட்டால் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழரும் தெலுங்கருமே அவர்களுள் பெரும்பான்மையர்.

அவர்களிடையே தோன்றிய உணவு 'பன்னி சௌ'. சதுர ரொட்டியைக் காலாகவோ அரையாகவோ வெட்டி, உள்ளே தோண்டி, பயற்றங்கறியோ ஆட்டுக்கறியோ நிரப்பித் தருவர். தோண்டிய துண்டு மேலே மூடியாக அமரும். அதை எடுத்துக் குழம்பில் தோய்த்து முதலில் உண்டு, பிறகு சுவர்களைப் பிய்த்து உண்பது முறை. கரண்டி வேண்டுவதில்லை. கடைக்குச் சென்று 'கால்' என்று சொன்னாலே போதும்.

இது தோன்றிய காரணத்தைப் பலவாறு கூறுவர். கரும்புத் தோட்டத்துக்குக் கறி கொண்டுசெல்ல எளிய வழியாக எழுந்தது என்பது ஒரு கூற்று. நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் உணவகத்துள் அமர்ந்து உண்ணத் தடை இருந்தமையால், கடையின் பின்வாயிலில் தட்டின்றிக் கறி விற்க எழுந்தது என்பது மற்றொரு கூற்று. பெயர் 'பனியா' என்னும் வணிகர் பெயரின் திரிபு என்பர். எக்கூற்றைக் கொண்டாலும் அடிப்படை ஒன்றே: தட்டு கிடையாதவனுக்கு ரொட்டி தட்டாயிற்று.

பேராவில் ரொட்டி

தர்பனுக்குக் கரும்பு எப்படியோ, பேராவுக்குக் கித்தா மரம் அப்படி. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே ஆட்களைக் கொணர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடிக்க வேண்டிய வாழ்க்கை அது. காலை உணவைக் குறிக்கப் 'பசியாறுதல்' என்னும் சொல் இந்நாட்டுத் தமிழில் வேரூன்றியது. தமிழகத்தார் 'சாப்பிட்டாயா' என்று கேட்குமிடத்தில் நாம் 'பசியாறியாச்சா' என்று கேட்கின்றோம். சைக்கிளிலும் பின்னாளில் மோட்டார் சைக்கிளிலும் வந்த ரொட்டிக்காரர்கள் தோட்டப்புறத்திற்கு ரொட்டி கொணர்ந்தனர்.

இங்கே ஒரு சொல் நம் ஆராய்ச்சிக்கு உரியது. வடமலேசியாவில் பெயர்பெற்ற ஒரு ரொட்டிக்கு 'ரொட்டி பெங்காளி' என்று பெயர். கெட்டியான மேலோடும் மெத்தென்ற உட்புறமும் உடைய அது, கறியில் தோய்த்து உண்ண ஏற்றது. பெயரைக் கேட்போர் வங்காளத்தாருக்கோ சீக்கியருக்கோ உரியது என்று கொள்வர். மலாய் வழக்கில் சீக்கியரையும் பெங்காளி என்று அழைத்ததுண்டு. ஆனால் 1928இல் பினாங்கில் தமிழ் முஸ்லிம் ஒருவர் தொடங்கிய 'பிரிட்டிஷ் மலாயா' ரொட்டிக் கிடங்கின் வழியினர் வேறு விளக்கம் தருகின்றனர். பங்கு சேர்ந்து நடத்திய கடையாதலின் அது 'பங்காளி ரொட்டி' என்றும், அதுவே பெங்காளி எனத் திரிந்தது என்றும் கூறுவர்.

இவ்விளக்கம் பொருந்துமா? தமிழ்ச் சொல் மலாயில் புகும்போது முதல் அகரம் எகரமாக ஒலித்தல் உண்டு. கடை என்பது 'கெடை' ஆனமை காண்க. ஆகவே பங்காளி பெங்காளி ஆதல் இயலும். ஒலியில் ஒரு தடையும் உண்டு. தமிழ்ப் பகரம் மலாயிலும் பெரும்பாலும் வல்லொலியாகவே நிற்கும். பெட்டி, கப்பல் ஆகியவை அங்ஙனமே நிற்கின்றன. இங்கே மட்டும் அது மெலிந்து ஒலிப்பானேன்? முன்பே மக்கள் வாயில் வழங்கிய 'பெங்காளி' என்னும் இனப்பெயர் இதனைத் தன்பால் இழுத்துக்கொண்டது என்று கொண்டால் அத்தடை நீங்கும். 1928க்கு முந்திய மலாய் ஏடு ஒன்றில் 'ரொட்டி பெங்காளி' காணப்படுமாயின் பங்காளி விளக்கம் வீழும்; இல்லையேல் வலுப்பெறும். பழைய இதழ்களைப் புரட்டும் இளைஞர்க்கு இது தக்க பணி.

பங்காளி என்பது தமிழில் வெறும் முதலீட்டுப் பங்கினனைக் குறிப்பதன்று. சொத்திலும் சாவுச் சடங்கிலும் உரிமையுடைய உறவினனையும் குறிக்கும். இலத்தீன் மொழியிலும் இதனை ஒத்த கருத்து உண்டு. 'கம்பெனி', 'கம்பேனியன்' என்னும் ஆங்கிலச் சொற்களின் வேர், ரொட்டியைச் சேர்ந்து உண்பவர் என்னும் பொருளுடையது. உணவைப் பங்கிடுவதே கூட்டுறவின் தொடக்கம் என்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. 1960இல் பேரா, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர் சிறுசிறு தொகை கட்டித் தோட்டத்திற்கே பங்காளிகளாக வழிசெய்தார். பங்காளி என்னும் சொல்லின் முழுப்பொருள் அங்கே விளங்கியது.

கம்பார் வழங்கிய கொடை

ஈப்போவிற்குத் தெற்கே உள்ள கம்பார், ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். அங்குள்ள சீன உணவகங்களின் புகழ்பெற்ற பண்டம் கறிக்கோழி ரொட்டி. தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கோழிக்கறியைத் தாளில் பொதிந்து, அப்பொதியைச் சுற்றி மாவை மூடி, பெரிய தலையணைபோல் உப்பச் சுட்டெடுப்பர். மேசைக்கு வந்ததும் உச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தரித்து விரிப்பர். உள்ளே ஆவி பறக்கும் கறி. வெளியே அதைத் தொட்டு உண்ண ரொட்டி. செய்வோர் சீனர், கறி என்னும் பெயரோ தமிழ், தேங்காய்ப்பால் இந்நிலத்தின் வளம், கோதுமையோ கடல் கடந்து வருவது. இந்நாட்டு மக்களின் கூட்டு வாழ்க்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இறந்தோர்க்கு இடும் பங்கு

இனி, ஹாலோவீன் நாளுக்கும் இவ்வுணவுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். இன்று வேடிக்கையாக நடப்பினும், அச்சொல்லுக்குப் புனிதர் அனைவர் திருநாளுக்கு முன்னிரவு என்பது பொருள். நவம்பர் 1 புனிதர் நாள். நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாள். பழைய இங்கிலாந்தில் அந்நாள்களில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று 'ஆன்ம அப்பம்' பெற்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வர். சிலிபின் லூர்து மாதா கோயிலைச் சார்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்க்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுவத்தி ஏற்றும் நாள். அதே பருவத்தில், தீபாவளிக்கு முன்னிரவில், இந்நாட்டு இந்துத் தமிழர் மூதாதையர்க்குப் படையல் இடுகின்றனர். இறந்தவர் விரும்பி உண்டவற்றையே இலையில் வைப்பர். பிறகு பங்காளிகள் கூடி உண்பர். இறந்தவரை நினைந்து, இருப்பவர் பகிர்ந்து உண்பது இம்மூன்றிற்கும் பொது.

ஆகவே, ரொட்டியைத் தோண்டிக் கறி நிரப்பும் இளைஞரைப் பார்த்து, 'இது நம் மரபன்று' என்று ஒதுக்குவது முறையன்று. அந்த ரொட்டியில் நம் முன்னோரின் பங்கும் உண்டு என்று எடுத்துச் சொல்வதே முறை. கரும்புக் காட்டிலும் கித்தாக் காட்டிலும் உழைத்தவர்களுள் பெரும்பாலோர்க்குக் கல்லறையில் பெயரும் இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்கள் பல இடித்து நிரவப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. எஞ்சியிருப்பவை சொற்களே.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதற்கு ஒன்று செய்யலாம். மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டிலுள்ள முதியவரிடம் மூன்று வினாக்கள் கேட்டுவரச் செய்க: தோட்டத்தில் பசியாற என்ன உண்டீர்கள்? எதில் வைத்து உண்டீர்கள்? அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள்? மங்கு என்று ஒருவர் சொல்வார். அதனை மலாய் 'மங்குக்'குடன் ஒப்பிடலாம். வேறொருவர் நாம் கேட்டறியாத சொல்லையே தருவார். சொன்னவர் ஊரையும் தோட்டத்தையும் சேர்த்து ஓர் ஏட்டில் எழுதிவைத்தால் போதும். அவ்வேடு ஒரு நாள் அகராதிக்கும் வரலாற்றுக்கும் மூலமாகும். சொன்னவர்க்கும் அதுவே நல்ல படையலாகும்.